நேலப்பட்டும் பழவேற்காடு ஏரியும்: கூழைக்கடாவின் வீடு ஒன்று, சந்தை ஒன்று

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குச் சென்னையில் இறங்குகிறவர்களிடம் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் வேடந்தாங்கல் என்றுதான் பதில் வரும். நல்ல பதில்தான். ஆனால் தெற்கே போகாமல் வடக்கே, தடா எல்லையைத் தாண்டி ஆந்திரத்துக்குள் கொஞ்ச தூரம் போனால், சாம்பல் கூழைக்கடாக்கள் (பெலிக்கன்) குஞ்சு பொரிக்கும் நேலப்பட்டும், அவை இரை தேடும் பழவேற்காடு ஏரியும் ஒரே நாளில் கிடைக்கும். இரண்டையும் தனித்தனி இடங்களாக நினைத்துப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நேலப்பட்டு பறவைக்கு வீடு, பழவேற்காடு ஏரி அதற்குச் சந்தை. வீட்டில் எப்போது இருக்கும், சந்தைக்கு எப்போது கிளம்பும் என்று தெரிந்து போனால் பயணம் வீணாகாது.

முதலில் மாதம். இந்தக் கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். ஏரி நிரம்பி, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களைச் சுற்றி அகழி போல நீர் சூழ்ந்த பிறகுதான் கூழைக்கடா கூடு கட்டத் துணியும். சுற்றிலும் நீர் இருந்தால்தான் நரியும் பூனையும் மரத்தை நெருங்காது. முட்டைகள் பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க அதற்கு மேல் மூன்று மாதமாவது ஆகும். ஆகவே ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய வந்தால் கூட்டில் குஞ்சுகளும் இருக்கும், வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் இருக்கும். நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் புயல் அபாயம் உண்டு. அந்த நாட்களில் இதற்கென்று தனிநாள் ஒதுக்காமல், வானிலை பார்த்து மாற்றிக்கொள்ளும்படி திட்டமிடுங்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏரியில் நீர் நிற்காது, கூடும் இருக்காது. எனவே கிளம்பும் முன் அங்கே யாரையாவது கேட்டுவிடுவது நல்லது. சூலூர்பேட்டையில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையவே உண்டு. கிராமத்துப் பக்கம் தெலுங்கு தேவைப்பட்டால் இரண்டு கேள்வி போதும்: ‘செருவுலோ நீள்ளு உன்னாயா?’ (ஏரியில் தண்ணீர் இருக்கிறதா), ‘பக்ஷுலு வச்சாயா?’ (பறவைகள் வந்தனவா). கூழைக்கடாவை அங்கே கூடபாத்து என்பார்கள்.

போகும் வழி எளிது. சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாகச் சூலூர்பேட்டைக்கு மின்சார ரயில் உண்டு. ஏறக்குறைய 80 கி.மீ. தூரம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூலூர்பேட்டையிலிருந்து நேலப்பட்டு வடக்கே சுமார் 20 கி.மீ. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்க்க ஆட்டோவையோ காரையோ நாள் முழுவதும் பேசிக்கொள்வதே சரி. போன இடத்தில் திரும்பி வர வண்டி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சென்னையிலிருந்தே வாடகைக் கார் எடுத்தால், ஆந்திரத்துக்குள் ஓட அந்த வண்டிக்கு அனுமதி இருக்கிறதா என்று முன்தினமே ஓட்டுநரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அனுமதி எடுப்பதிலேயே விடியல் நேரம் போய்விடும். இந்தப் பயணத்தில் அதிகம் கெடுவது இந்த ஒரு இடத்தில்தான்.

நேலப்பட்டுச் சரணாலயம் 458.92 ஹெக்டேர். 1976-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு வகை நிலம் இதற்குள் இருக்கிறது. ஒன்று, ஏரி நீருக்குள் வேர் நனைய நிற்கும் கடம்ப மரக்கூட்டம். கூடுகள் எல்லாம் அதன் உச்சியில். மற்றொன்று, இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாப் புதர்க்காடு. இலை உதிராத, குட்டையான, முள் நிறைந்த காடு. வருகிறவர்கள் எல்லோரும் முதலாவதைப் பார்க்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலோர் வெறும் புதர் என்று கடந்துவிடுகிறார்கள். சோழமண்டலக் கடற்கரையில் இப்படிப்பட்ட காடு இன்று துண்டுதுண்டாகவே மிஞ்சியிருக்கிறது. அதற்குள் ஒரு மணி நேரமாவது நடக்காமல் திரும்பாதீர்கள்.

காலை 6.30-க்குள் ஏரிக்கரை மேல் இருங்கள். கூழைக்கடா கனமான பறவை. வெயில் ஏறி நிலம் சூடாகிச் சூடான காற்று மேலெழும்பினால்தான் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரப் போக அதற்கு வசதி. ஆகவே விடியலில் கூட்டில்தான் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாக எழுந்து கிழக்கே போவதைப் பார்க்கலாம். அதே மரங்களில் நத்தை குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், சிறு நீர்க்காகம், வக்கா எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கும். திறந்த நீரில் பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். முதலில் பார்க்கிறவர்கள் பாம்பென்றே நினைப்பார்கள்.

கரை சமதளம். வயதான பெற்றோரும் மெதுவாக நடந்துவிடலாம். கண்காணிப்புக் கோபுரத்தின் படிகள் மட்டும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கீழிருந்தே நன்றாகத் தெரியும். சிவப்பும் பளிச்சென்ற வெள்ளையும் வேண்டாம், மண் நிறத்தில் உடுத்துங்கள். கை தட்டுவது, கத்துவது, கல் எறிந்து பறக்க வைத்துப் படம் எடுப்பது, இவை பறவைக்கு வெறும் தொந்தரவு அல்ல. தாய்ப்பறவை எழுந்த அடுத்த நிமிடம் காக்கை முட்டையைக் கொத்தும். இறகு முளைக்காத குஞ்சு நேர் வெயிலில் சிறிது நேரத்திலேயே வாடும். பதறி விளிம்புக்கு வந்த குஞ்சு நீரில் விழும். விழுந்ததைத் தாய் தூக்கிப் போய்க் கூட்டில் வைக்காது. பிள்ளைகளுக்கு இதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் பெரியவர்களைவிட அமைதியாக நடப்பார்கள்.

புதர்க்காட்டுப் பாதைக்குக் கணுக்கால் மூடும் காலணி, முழுக்கால் சட்டை, கொசு மருந்து, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கண்ணாடிவிரியனும் நல்லபாம்பும் உண்டு. பாதையை விட்டு இலைச் சருகில் கால் வைக்காமல் இருந்தால் போதும், பயப்பட வேண்டியதில்லை. நட்சத்திர ஆமையும் தேவாங்கும் இந்தக் காட்டில் வாழ்கின்றன. தேவாங்கு இரவாடி, பகலில் கண்ணில் படாது. நட்சத்திர ஆமை எதிர்ப்பட்டால் கையில் எடுக்காமல் கடந்து போக விடுங்கள். வழியில் யாராவது விற்க வந்தால் வாங்குவது குற்றம். அந்த ஆமைகள் கடத்தல்காரர்களின் பெட்டிகளில் விமான நிலையங்களில் பிடிபடுவது வழக்கமாகிவிட்டது.

பத்து மணிக்குச் சூலூர்பேட்டைக்குத் திரும்பி, வெயில் தணியும் வரை சாப்பிட்டு இளைப்பாறி, மூன்று மணிக்கு ஸ்ரீஹரிகோட்டா சாலையில் போங்கள். நண்பகலில் போகாதீர்கள். சேற்றுவெளி சூடாகிக் கானல் எழுந்தால் எவ்வளவு நல்ல இருநோக்கியிலும் (பைனாகுலர்) பறவை அலையலையாகத்தான் தெரியும். இருநோக்கி 8x42 அளவு போதும். ஏரிக்கு மட்டும் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இருந்தால் நல்லது.

சாலை ஏரியைப் பிளந்துகொண்டு கிழக்கே போகிறது. இருபுறமும் நீர். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடபுறம் பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகில் விழும், பூநாரையின் (ஃபிளமிங்கோ) இளஞ்சிவப்பு தெளிவாகத் தெரியும். தென்புறத்தில் எல்லாம் கருநிழல்தான். இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் இது. ஆனாலும் ஆழம் குறைவு. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் நீரைச் சலித்து உண்பது, கால் ஊன்ற முடிகிற ஆழத்தில்தான் வசதி. பெருமழைக்குப் பின் நீர் உயர்ந்திருந்தால் அவை தொலைவில் ஒரு வெண்கோடாக நிற்கும். நீர் வடிய வடியச் சாலையை நெருங்கும். ஜனவரியில் வாருங்கள் என்பதற்கு இதுவும் காரணம். வழியிலுள்ள அடகானிதிப்பா ஒரு தீவு மேடு (திப்ப என்றாலே தெலுங்கில் மேடு), நின்று பார்க்க நல்ல இடம். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், கரண்டிவாயன், சங்குவளை நாரை எல்லாம் இங்கே எதிர்பார்க்கலாம்.

பூநாரையைத் தேடிச் சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, கீழே தொடை வரை இழுக்கும் சகதி. மேயும் கூட்டம் தலை தூக்கி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், அங்கேயே நின்றுவிடுங்கள். சாலையில் விண்வெளி மையப் பேருந்துகள் வேகமாக வரும். வண்டியை ஓரம் விலக்கி நிறுத்துங்கள். நிழலோ கழிப்பறையோ எதிர்பார்க்க வேண்டாம்.

சாலையின் முடிவில் சதீஷ் தவான் விண்வெளி மையம். அனுமதியின்றி உள்ளே போக முடியாது. அதன் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள், டிரோனை வீட்டிலேயே விடுங்கள். ராக்கெட் ஏவும் நாளில் கூட்டமும் சோதனையும் கூடும், அந்தத் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டில் மலையேற்றத்துக்குப் பழகியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசியையும், கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவியையும் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள்.

கடவுச்சீட்டின் நகலும் விசாவின் அச்சுப்படியும் கையில் இருக்கட்டும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருப்பவர்களுக்குச் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் இந்தியக் குடிமக்களுக்கான நுழைவுக் கட்டணமே என்று மத்திய அரசின் 2021 அறிவிப்பு சொல்கிறது. அட்டையைக் காட்டிக் கேளுங்கள். சில்லறைத் தாள்களாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு வங்கி அட்டையை இங்கே நம்ப முடியாது.

இன்னொரு நாள் இருந்தால் ஏரியின் தென்முனையான பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வழியாகப் போகலாம். முகத்துவாரம், மீன் ஏலம், 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகள் அங்கே. படகுச் சவாரி மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யார் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் ஏறாதீர்கள், அதிலும் மிதவைச் சட்டை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

திரும்பும் முன் காலணியைக் கழுவுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மண் ஒட்டிய காலணியையும், வாங்கிய கருவாட்டையும் நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும், இல்லையேல் அபராதம். பழைய பல்துலக்கி ஒன்றால் அடிப்பக்கப் பள்ளங்களைத் தேய்த்து, வெயிலில் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். ஏரிச் சேறு காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும், எனவே அன்றிரவே கழுவிவிடுங்கள்.