கொட்டகையில் நிற்கிற அம்பாசிடரை ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு காலத்தில் வில்வண்டி நின்ற கொட்டகையில் இன்றைக்கும் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடர்கள் நிற்கின்றன. தாத்தா வண்டி, அப்பா வண்டி, விற்க மனசு வராத வண்டி. அதை எடுத்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் போவது பெயிண்டரிடம்தான். பணம் அங்கேதான் வீணாகிறது. முதலில் வண்டி நிற்க வேண்டும், அதாவது பிரேக் பிடிக்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், மினுக்குவதெல்லாம் கடைசி. நம் ஊர் ஈரத்தில் அடித்தகடும் பிரேக்கும் சரியாகாமல் மேலே பூசுகிற எந்த வண்ணமும் இரண்டு ஐப்பசி தாங்காது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் துணியால் துடைத்துப் பாருங்கள், கிரைண்டரை மட்டும் அந்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். வண்டி 50 வயதைத் தாண்டியிருந்தால் 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு எண் வாங்க வழி இருக்கிறது, அந்த எண்ணில் மாநில எழுத்துக்குப் பின்னால் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் அதற்கு வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். எதை மாற்றினாலும் திரும்பக் கழற்றிப் பழையதை மாட்டுகிற மாதிரி மாற்றுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது தரை. டெல்டா களிமண்ணில் ஜாக் வைத்துத் தூக்கினால் காய்ந்த மண்ணில்கூட மெல்ல உள்ளே இறங்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். வண்டி நிற்கிற அளவுக்காவது கான்கிரீட் போடுங்கள், சுற்றியிருக்கிற மண்ணைவிட அரை அடி உயரமாக. முடியாதவர்கள் ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகையோ இரும்புத் தகடோ வைக்கலாம், ஆனால் அப்படி நிறுத்திய வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், பக்கத்தில் இருந்து செய்கிற வேலையை மட்டும் பாருங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போவது எந்தத் தரையிலும் கூடாது. செங்கல் அடுக்கி நிறுத்துவதும் கூடாது, செங்கல் சொல்லாமல் உடையும்.

இனி துரு. அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்புத் தகடேதான் எலும்பு. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற பகுதி, பின் சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், ஜாக் போடும் இடம், பின் ஸ்பிரிங் பட்டைகள் உடம்போடு சேரும் இடம், இவ்வளவையும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் தைரியமாகக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே தகடு இல்லை, பெயிண்ட்தான் இருக்கிறது என்று அர்த்தம். தரையில் ஒட்டிய மேட்டை முழுசாகப் பிய்த்து எறியுங்கள். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீரை அந்த மேட் மாதக்கணக்கில் உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு, நம் பக்கம் அதில் நெல் தூசும் உமியும் அடைத்துக் கதவு உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். ஒரு கம்பியால் துளைகளைக் குத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா பாருங்கள்.

அழுகிய பகுதியை வெட்டுவதற்கு முன்னால், கதவு இருக்கிற வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்து வெல்டு பண்ணி இறுக்கிவிடுங்கள், ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கத்தை வெட்டுங்கள், இல்லையென்றால் வண்டி நடுவில் தொய்ந்து அப்புறம் எந்தக் கதவும் சேராது. புதுத் தகடு 18 அல்லது 20 கேஜ் போதும். கேஸ் வெல்டிங்கில் மெல்லிய தகடு சூட்டில் நெளியும், மிக் வெல்டிங்கில் விட்டு விட்டுப் பொட்டு வைத்துப் போவது நல்லது. சொந்தமாகச் செய்யப் பழக்கமில்லையா, நல்ல டிங்கர் ஒருவரை வீட்டுக்கே வரச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டை மேல் ஃபைபர் ஒட்டி, பட்டி இழுத்து, வழவழப்பாகத் தேய்த்துக் கொடுக்கிற வேலையை மட்டும் ஏற்காதீர்கள். அது ரிப்பேர் இல்லை, துருவுக்கு மேல் போடுகிற போர்வை. பெட்டிப் பகுதியை மூடுவதற்கு முன்னால் உள்பக்கம் துத்தநாக பிரைமர், மூடிய பிறகு துளை வழியாக மெழுகு ஸ்பிரே. டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து அடியில் அடிக்கிற பழக்கம் இங்கே உண்டு, துருவை அது கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் ஊத வைக்கும், கொட்டகை மண்ணையும் கெடுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இருப்பவர்கள் மெழுகை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் புதுப்பியுங்கள்.

சின்னச் சின்னத் துருப்பிடித்த இரும்புச் சாமான்களுக்கு அரத்தைத் தேய்த்துக் கையை நோகடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டுச் சலவைச் சோடா கரைத்து, பழைய பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை சாமானிலும் பாசிட்டிவை ஒரு சாதா இரும்புக் கம்பியிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இரவு முழுக்க விட்டால் துரு உதிர்ந்துவிடும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் போடவே கூடாது, அதில் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் வேண்டாம்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் ஹோஸ்கள், வீல் சிலிண்டர் ரப்பர்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாமே புதுசு, 'இது நல்லாத்தான் இருக்கு' என்று மெக்கானிக் சொன்னாலும் புதுசு. உள்ளே குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் கம்பிரஸர் காற்றால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) இருக்கும், சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் துடைத்தெடுங்கள். டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்தில் இருக்கிற சக்கரம் வரை, பைப்பில் மாட்டிய காற்றை எடுங்கள். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதனால் நம் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றியாக வேண்டும்.

இன்ஜினுக்கு வருவோம். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பொறுமையான இன்ஜின், ஆனால் பல வருஷம் தூங்கியதை பேட்டரி வைத்துச் சடக்கென்று சுற்றினால் பிஸ்டன் ரிங் போய்விடும். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். அப்புறம் முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மாட்டிக்கொண்டால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஊறட்டும். சுழன்றதும் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில், புது ஃபில்டர். வால்வு இடைவெளி வைக்க ஒன்பது கணக்கை, அதாவது இரண்டு எண்ணும் கூட்டினால் ஒன்பது என்பதை, மனதில் வைத்துக்கொண்டால் போதும்: முன்னாலிருந்து எண்ணி 1-வது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது 8-வதைச் சரிசெய்யுங்கள், 3 அமுங்கினால் 6, 5 என்றால் 4, 2 என்றால் 7, இதையே திருப்பிப் போட்டால் மீதி நான்கு. ஸ்பார்க் வரிசை 1-3-4-2. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த இன்ஜின், ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காத்த ஈயப் பெட்ரோல் காலத்தது, அந்தப் பெட்ரோல் 2000-லேயே நின்றுவிட்டது.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பைப்புகளை அது ஊதவைத்துப் பிளக்கும், இன்ஜின் சூட்டில் அந்தப் பிளவு நெருப்பாகிவிடலாம். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், பம்ப் டயாஃபிரத்தையும் சேர்த்து. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் வண்டியை அதிகம் எடுக்காதவர்கள் டேங்கை அரைகுறையாக வைக்க வேண்டாம், பாதிக் காலி டேங்கின் உள்பக்கம் துருப்பிடிக்கும். கலவை கொஞ்சம் மெலிந்து ஓடும், எஸ்.யூ. கார்புரேட்டரின் அடி நட்டை சிறிது இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள், காலியாகத் தெரிகிற டேங்க்தான் வெடிக்கும்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம். கடலோரப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு, உள்ளே வந்தால் கடினத்தன்மை, இரண்டுமே இன்ஜினுக்குள் பொருக்குக் கட்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், ஈயம் வைத்து ஒட்டலாம், தூக்கி எறியாதீர்கள்.

வயரிங் விஷயத்தில் எலிகள்தான் முதல் எதிரி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் அவை வீட்டுக் கொட்டகைக்கு வரும், வைக்கோல் போர் பக்கத்திலேயே இருந்தால் கேட்கவே வேண்டாம். துணி சுற்றிய பழைய வயரை ஒட்டுப்போடாமல் முழு வயரிங்கையும் புதுசாக இழுத்து நெளிகுழாயில் விடுங்கள், உடம்பில் வயர் நுழையும் ஒவ்வொரு துளையையும் வலையால் அடையுங்கள். பழைய மாடல்களில் பாசிட்டிவ் முனை உடம்போடு இணைக்கப்பட்டிருக்கலாம், புது சாமான் எதையும் மாட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். இரண்டே ஃபியூஸ் உள்ள வண்டிக்குத் தனி ஃபியூஸ் பெட்டி, ஹெட்லைட்டுக்கு ரிலே, பேட்டரியை ஒரே திருப்பில் துண்டிக்கும் சுவிட்ச். இதைவிட நல்ல மாடிஃபிகேஷன் எனக்குத் தெரியாது.

மற்ற மாற்றங்களில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவதும், பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதும் தாராளமாகச் செய்யலாம், பழையதைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். சீட் பெல்ட் கட்டாயம், ஆனால் வெறும் தகட்டில் துளை போட்டு மாட்டாமல் அடியில் கனத்த பிளேட் கொடுங்கள். பிற்கால அம்பாசிடர்களில் முன்பக்க டிஸ்க் பிரேக் வந்தது, அதை மாட்ட விரும்பினால் ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே வண்டியின் செட்டாக வாங்குங்கள், பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். 1990-களில் வந்த ஐசூசூ இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் பலருக்குக் கனவு. எனக்கும் அந்த இன்ஜின் பிடிக்கும், ஆனால் இன்ஜின் எண் மாறினால் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில் வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது, உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்திருக்கிறது. நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

பெயிண்டுக்குப் பங்குனி, சித்திரைதான் காலம். சம்பா அறுவடைத் தூசு அடங்கியிருக்கும், ஆடிக் காற்று இன்னும் தொடங்கியிருக்காது, காற்றில் ஈரமும் குறைவு. மழைக்காலத்தில் என்.சி. பெயிண்ட் (தின்னர் ஆவியாகிக் காயும் பழைய வகை) அடித்தால் பால் பூத்தது மாதிரி வெளுக்கும். காலையில் தரையை நனைத்துத் தூசியை அமுக்கிவிட்டு அடியுங்கள், சாயங்காலம் விளக்குப் போட்டு அடித்தால் வயல் பூச்சி அத்தனையும் பெயிண்டில் ஒட்டும். ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பெயிண்ட் வேண்டுமென்றால் வீட்டில் வேண்டாம், அதில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி முகமூடி அதைத் தடுக்காது, பூத் வைத்திருக்கிற பட்டறையில் கொடுங்கள்.

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே, இரண்டாவது கியரைத் தாண்டாமல், பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பாருங்கள். முன் சக்கரம் திரும்புகிற கிங்பின் நிப்பிள்களுக்கு கிரீஸ் அடித்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பக்கத்து ஊர் வரை போய் வந்து நான்கு டிரம்மையும் தொடாமல் கையைக் கிட்டே கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹெட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் இந்த ஓட்டத்துக்குப் பிறகு ஹெட் நட்டுகளைக் கைப்புத்தகத்தில் உள்ள வரிசைப்படி மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்ப வையுங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் இன்ஜின் ஆயிலை வடித்துவிடுங்கள், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும்.