வெயிலில் கருகிய போன்சாயைத் தேற்றுவது எப்படி?

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் திருநெல்வேலி போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மொட்டை மாடியில் என் பதினோரு வயசு இச்சி போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்; இச்சி ஆலமரத்துக்குச் சொந்தம்) அப்பளம் மாதிரி மொறமொறவென்று நிற்கிறது. "தினமும் ஊத்தினேன் அங்கிள், அடியில வழியுற வரைக்கும் ஊத்தினேன்" என்றான் கீழ்வீட்டுப் பையன். நான் நம்பவில்லை, கொஞ்சம் திட்டியும்விட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கதை மூன்றாவது படியில் வருகிறது.

1. இடம் மாற்றுங்கள். காற்றோட்டமான நிழல், காலை வெயில் மட்டும் படும் இடம். 50 சதவீத வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை இருந்தால் போதும். ஏசி அறை வேண்டவே வேண்டாம். தொட்டியை சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள், ராத்திரி எட்டு மணிக்கும் அது சுடும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

2. உயிர் இருக்கிறதா பாருங்கள். குச்சியின் நுனியில் அரிசி அளவுக்கு நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். இச்சி, ஆல், அரசு என்றால் பாலும் கசியும். புளியில் பால் வராது, பதறாதீர்கள். எனக்கு நுனிகள் எல்லாம் போயிருந்தன, கவட்டையில் பச்சை இருந்தது.

3. தண்ணீர். நான் சறுக்கியது இங்கேதான். நானும் வந்ததிலிருந்து இரண்டு நாள் ஊற்றினேன், அடியில் அழகாக வழிந்தது. சந்தேகப்பட்டு மூங்கில் குச்சி ஒன்றைக் குத்தி எடுத்தால், அதில் ஒட்டியிருந்தது புழுதி! என் கலவையில் தேங்காய் நார்க்கழிவு அதிகம். அது ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை லேசில் ஏற்காது. சுருங்கி தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றுவதெல்லாம் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும், வேருக்குச் சொட்டுகூடப் போகாது. பையனிடம் மன்னிப்புக் கேட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

வழி இதுதான்: மண் மிதந்து வராமல் இருக்க மேலே சாக்குத்துணி கட்டி, தொட்டியை அன்னக்கூடையில் மண்மட்டம் மூழ்க இறக்குங்கள். குமிழி குமிழியாக வரும். நிற்கும்வரை விடுங்கள், எனக்கு இருபது நிமிடம் ஆனது. எடுத்துச் சாய்த்து வைத்து வடிய விடுங்கள்.

அதற்காக தினமும் முக்காதீர்கள். இலை இல்லாத மரம் அதிகம் குடிக்காது, வேர் அழுகிவிடும். குச்சியைக் குத்திப் பார்த்து, மேல் அரை இஞ்ச் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். ஈரம் காட்டும் மீட்டர் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். செங்கல் ஜல்லி கலந்த போன்சாய் மண்ணில் அது வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. ஊற்ற பூவாளிதான் நல்லது. குழாய் என்றால் ஓஸில் தேங்கியிருக்கும் தண்ணீரை முதலில் வெளியே விட்டு, கையில் பிடித்துப் பாருங்கள். மே மாத மதியத்தில் அது வெந்நீர்.

4. கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். உரம், மண் மாற்றம், வெட்டு, எதுவும் கூடாது. அடிபட்ட வேருக்கு உரம் கொடுத்தால் இன்னும் கருகும். பாதி கருகிய இலையைப் பிய்க்காதீர்கள், மீதிப் பச்சை மரத்துக்குச் சோறு போடுகிறது. பிளாஸ்டிக் பையால் மூடச் சொல்வார்கள். நம்மூர் வெயில் பட்டால் அது இட்லிக் குண்டான்.

எனக்கு 19ஆம் நாள் கவட்டையில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாக ஒரு மொட்டு வந்தது. துளிர் வந்த பிறகுதான் காய்ந்த குச்சிகளை வெட்டினேன், அப்போதுதான் எல்லை தெரியும். இலை முற்றியதும் பாதி அளவு உரம். நிழலில் வந்த இலை நேர் வெயிலில் கருகும். இரண்டு வாரமாவது எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர், அடீனியம் (அடி பருத்த பாலைவன ரோஜா) வாடியதால் முக்கி எடுத்தாராம். முதலில் அடிக்கிழங்கை அமுக்கிப் பாருங்கள். சுருங்கி லேசாக அமுங்கினால் தாகம். கொழகொழவென்றால் அழுகல், தண்ணீரைத் தொடவே கூடாது.

இன்னொருவர் மலைப்பக்கம் போனபோது வாங்கிவந்த ஜூனிபர் (குளிர் ஊர்களில் வளரும் ஊசியிலை மரம்) பற்றிக் கேட்டார். முழுக்கப் பழுப்பாகிவிட்டதென்றால், ஐயா, அது செத்துப் பல வாரம் ஆகியிருக்கும். செத்த பிறகும் அது ரொம்ப நாள் பச்சையாகவே நிற்கும். தொட்டியைக் கழுவி வையுங்கள், ஆடி மழைக்கு ஒரு இச்சிக் கன்று வைக்கலாம்.