சிறைவாசிகளின் தீயணைப்புப் படை: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி பாலிசேட்ஸ், ஈட்டன் தீ பரவியபோது, ஆரஞ்சு உடையில் வரிசையாக நின்று மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களின் வீடியோ எல்லோருடைய கைபேசிக்கும் வந்தது. அவர்கள் கலிஃபோர்னியா சிறைவாசிகள். அந்தத் தீயில் மட்டும் ஆயிரம் பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. ஒரு தரப்பு "கைதிகளைத் தீயில் தள்ளுகிறார்கள்" என்றது. இன்னொரு தரப்பு "திருந்திய மாவீரர்கள்" என்றது. இரண்டிலும் அந்த மனிதர்கள் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறார்கள் என்பது இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் பேசுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

தீயணைப்பு என்றதும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். இந்தப் படையின் வேலை அது இல்லை. வண்டி போக முடியாத மலைச்சரிவில், கைக்கருவிகளை வைத்துத் தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டிப் போகாதபடி வெறும் மண்ணாக்கிய ஒரு பட்டை, வெட்டுவதுதான் இவர்கள் வேலை. ஒரு குழுவில் 12 முதல் 17 பேர் வரை இருப்பார்கள், கூடவே தீயணைப்புத் துறையின் கேப்டன் ஒருவர். முன்னால் செயின் ரம்பம் வைத்திருப்பவர் புதரையும் கிளைகளையும் அறுத்துக்கொண்டே போவார். வெட்டியதை அவர் பின்னால் இருப்பவர் இழுத்து, தீ வராத பக்கமாகத் தூக்கி எறிவார். அதற்குப் பின்னால் புலாஸ்கி வரும். ஒரு பக்கம் கோடாரியும் மறுபக்கம் மண்வெட்டியும் போல இருக்கும் கருவி அது, வேரை வெட்டும். அப்புறம் மெக்லாட். அது ஒரு பக்கம் பல்லும் மறுபக்கம் தட்டையான அலகும் உள்ள கனமான வாரி. சருகு, மக்கு, புல் எல்லாவற்றையும் வழித்து, எரிய எதுவும் இல்லாத வெறும் மண் தெரியும்வரை சுரண்டும். எல்லோருக்கும் பின்னால் மண்வாரியோடு வருபவர் மிச்சம் மீதியைச் சரிசெய்வார்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால் இந்த வேலையின் நுணுக்கம் புரியும். முன்னால் போகிறவருக்கு மிக அருகில் போவது முதல் தவறு. கருவிக்கும் கருவிக்கும் இடையே பத்து அடி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓங்கிய புலாஸ்கி பக்கத்தில் இருப்பவர் மேல் படும். கோட்டின் குறுக்கே ஓடும் ஒரு வேரை "சின்னதுதானே" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. தீ அந்த வேருக்குள்ளேயே புகைந்து, பல மணி நேரம் கழித்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தலைகாட்டும். கருகிய மண்ணையும் கங்குகளையும் இன்னும் எரியாத பச்சைப் பக்கம் தள்ளிவிடுவதும் இதே அளவு ஆபத்து. சரிவில் தீக்குக் கீழே கோடு வெட்டினால் அதைப் பள்ளமாகத் தோண்டி, வெளிப்பக்கம் மண்ணை வரப்பு மாதிரி ஏற்றிவைக்க வேண்டும். எரியும் பைன் காய் ஒன்று உருண்டு வந்தால் அந்தப் பள்ளம்தான் அதைப் பிடிக்கும். காலில் பட்டு ஒரு கல் உருண்டால் கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி "ராக்!" என்று கத்தியாக வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், முதல் ஒரு மணி நேரத்திலேயே முழு பலத்தையும் காட்டிவிடுவதும் இளைஞர்கள் செய்வது. முதுகில் நாற்பது பவுண்டுக்கு மேல் சுமை. பெரிய தீ என்றால் 24 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம்.

சுவாலை அடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது வெளியில் இருக்கும் நாம் செய்யும் தவறு. உடம்பை அதிகம் வாட்டும் பகுதி அதற்கு அப்புறம்தான் தொடங்கும். கோட்டின் ஓரமாக அங்குலம் அங்குலமாகப் போய் மிச்சக் கங்குகளைத் தேடி அணைக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, புறங்கையை முதலில் சாம்பலுக்குச் சற்று மேலே காட்டி, சூடு இல்லை என்றால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார்கள். சூடு தெரிந்தால் தோண்டி, கிளறி, மண்ணோடு கலந்து, மறுபடி புறங்கை. மேலே வெறும் சாம்பலாகத் தெரியும் இடத்தில் அடிமரமும் வேரும் உள்ளே எரிந்து குழி விழுந்திருக்கலாம். தெரியாமல் கால் வைத்தால் முழங்கால்வரை நெருப்புக்குள் போகும். கேமராக்கள் போன பிறகும் நாட்கணக்கில் நடக்கும் இந்த வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

தீதான் இவர்களைக் கொல்கிறது என்பதும் பாதி உண்மைதான். 2016ல் மாலிபுவில் மேலிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று 22 வயதுப் பெண் சிறைவாசி ஒருவரின் உயிரைப் பறித்தது. 2017ல் ஒருவர் மரம் விழுந்தும், ஒருவர் செயின் ரம்பக் காயத்தாலும் இறந்தார்கள். கல், மரம், ரம்பம், வெயில், புகை எல்லாமே ஆபத்துதான்.

"சும்மா கூலிக்கு மண் வெட்டுபவர்கள்" என்று இவர்களைத் துணைப்படை மாதிரி பேசுவது என்னால் ஏற்க முடியாத தவறு. அமெரிக்கக் காட்டுத்தீ வீரர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் பத்து நிலையான கட்டளைகள் உண்டு. அவை எங்கிருந்து வந்தன? 1956 நவம்பரில் சான் டியாகோ மாவட்டத்தில் இனாஹா தீ. இரவில், மலைச்சரிவில் மேலிருந்து கீழாகக் கோடு வெட்டிக்கொண்டு இறங்கிய குழு மீது, கீழே பள்ளத்தாக்கிலிருந்து தீ ஏறி வந்தது. இறந்த 11 பேரில் 7 பேர் சிறைவாசிகள். அதற்கு அடுத்த ஆண்டு, இதையும் இதற்கு முந்தைய விபத்துகளையும் ஆராயக் கூடிய குழு வகுத்தவைதான் அந்தக் கட்டளைகள். இன்று எந்தக் குழு சரிவில் இறங்கினாலும் யார் கண்காணிக்கிறார், தொடர்பு இருக்கிறதா, தப்பும் வழி எது, பாதுகாப்பான இடம் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. சிறைவாசிகளின் உயிரும் கொடுக்கப்பட்டுக் கிடைத்த பாடம் அது.

இது புதிய ஏற்பாடும் இல்லை. 1915லேயே சாலை போடும் முகாம்களில் சிறைவாசிகள் வேலை பார்த்தார்கள். 1946ல் ரெயின்போ என்ற இடத்தில் முதல் நிரந்தர ஆண்கள் முகாம் வந்தது, 1983ல் அதுவே பெண்கள் முகாமாக மாறியது. இப்போது மாநிலம் முழுக்க 35 முகாம்கள் இருக்கின்றன. சிறைத்துறையும், மாநிலத் தீயணைப்புத் துறையும், சில முகாம்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி தீயணைப்புத் துறையும் சேர்ந்து நடத்துகின்றன.

சரி, கட்டாயப்படுத்துகிறார்களா? இங்கேதான் குழப்பம் அதிகம். 2024 நவம்பரில் சிறையில் கட்டாய வேலையைத் தடைசெய்யும் ஆறாவது முன்மொழிவைக் கலிஃபோர்னியா வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அதனால் சிறைக்குள் வேலை கட்டாயமாக இருக்க முடியும். ஆனால் தீயணைப்பு முகாமுக்கு விருப்பம் தெரிவித்தவர்கள் மட்டுமே போகிறார்கள். குறைந்தபட்சக் காவல் நிலையில் இருக்க வேண்டும், உடல் தகுதி வேண்டும், தண்டனையில் எட்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ மீதி இருக்க வேண்டும். தீவைப்பு, பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களைச் சேர்ப்பதில்லை. நான்கு நாள் வகுப்பும் நான்கு நாள் களப்பயிற்சியும் முடித்த பிறகுதான் குழுவில் இடம்.

அதற்காக "விரும்பித்தானே போகிறார்கள்" என்று கடந்துபோவதும் சரியில்லை. முகாமில் மின்வேலி இல்லை, சாப்பாடு சிறையைவிட மேல், பார்க்க வரும் குடும்பத்தோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம். குழுவில் வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தண்டனையில் கூடுதலாக இரண்டு நாள் குறைகிறது. பிள்ளையை ஓராண்டு முன்னதாகப் பார்க்கலாம் என்றால் யார்தான் மலையேற மாட்டார்கள்? அதே சமயம் தலை எண்ணுவது உண்டு, எல்லைக் குறியீட்டைத் தாண்டக் கூடாது, விதியை மீறினால் திரும்பவும் சிறைதான். விருப்பம் உண்மையானது, அந்த விருப்பத்துக்குப் பின்னால் இருக்கும் நெருக்கடியும் உண்மையானது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. தீ இல்லாத நாட்களிலும் சும்மா இருப்பதில்லை. புதர் வெட்டுவது, பூங்கா, சாலையோரப் பராமரிப்பு, வெள்ளக் காலத்தில் மணல் மூட்டை அடுக்குவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். பெரிய தீ நடக்கும் இடத்தில் எல்லாப் படையினருக்கும் சமைத்துப் போடும் நடமாடும் சமையலறைகளிலும் சிறைவாசிகள்தான்.

சம்பள விஷயத்தில் பழைய எண்ணையே இன்னும் சுற்றவிடுகிறார்கள். நெடுங்காலம் நாள் கூலி 5.80 முதல் 10.24 டாலர் வரையும், தீ எரியும்போது மணிக்குக் கூடுதலாக 1 டாலரும் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், தீப்பணியில் இருக்கும் நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர் என்று ஆக்கியது. அது கூட்டாட்சி அரசின் குறைந்தபட்ச ஊதியம். கலிஃபோர்னியாவின் சொந்தக் குறைந்தபட்ச ஊதியம் அதைவிட மிக அதிகம். "இப்போது நியாயமான சம்பளம் கிடைத்துவிட்டது" என்று எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். தீ இல்லாத நாட்களில் செய்யும் புதர் வெட்டும் வேலைக்கும் முகாம் வேலைக்கும் அந்த 7.25 பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, விடுதலையானதும் நேராகத் தீயணைப்பு நிலையத்தில் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. நகரத் தீயணைப்புத் துறைகள் பெரும்பாலும் அவசர மருத்துவ உதவியாளர் சான்று கேட்கின்றன. குற்றப் பதிவு அந்தச் சான்றுக்கே தடையாக நின்றது. 2020 செப்டம்பரில் வந்த ஏபி 2147 என்ற சட்டம், முகாமில் நன்றாகப் பணியாற்றியவர்கள் நீதிமன்றத்தில் மனு போட்டு அந்தப் பதிவை நீக்கக் கேட்கலாம் என்றது. அது தானாக நடக்காது. மனு போட வேண்டும், நீதிபதி ஏற்க வேண்டும், கடுமையான சில குற்றங்களுக்கு அந்த வழியும் இல்லை. மாநிலத் துறையின் பருவகால வேலைக்கும் கூட்டாட்சி வனத்துறைக் குழுக்களுக்கும் அந்தச் சான்று தேவைப்படாததால், வெளியே வந்தவர்கள் முதலில் அங்கேதான் விண்ணப்பிக்கிறார்கள். கமரியோவில் 2018ல் தொடங்கிய வென்ச்சுரா பயிற்சி மையம் பரோலில் வந்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி தருகிறது. தெரிந்த குடும்பத்தில் யாராவது இந்த வழியில் இருந்தால், விடுதலைக்கு முன்பே மனுவுக்கான காகிதங்களையும் முகாம் சான்றுகளையும் சேகரிக்கத் தொடங்குவது நல்லது.