நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்று விடுவது

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். குறுவைக்கு ஆடுதுறை 43 நெல். இயந்திர நடவுக்கு நாற்றைத் தட்டுகளில் அடர்த்தியாக விட்டு, வேர் பின்னிய பாயாக எடுக்கிறோம். அதுதான் பாய் நாற்று. நடவில் குத்துகள், அதாவது நாற்று ஊன்றும் இடங்கள், விட்டுப்போனால் எல்லோரும் ஓட்டுநரைத்தான் கேட்கிறார்கள். நான் நாற்றுப் பாயைப் புரட்டிப் பார்ப்பேன். இயந்திரத்தின் விரல் பாயிலிருந்து ஒரு சிறு துண்டைக் கிள்ளி ஊன்றுகிறது. அந்தத் துண்டில் நாற்று இல்லையென்றால் வெறும் மண்ணை ஊன்றிவிட்டுப் போகும்.

முதலில் இயந்திரம் வரும் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். அதிலிருந்து பதினேழு நாள் பின்னால் எண்ணி விதைக்கும் நாளை வையுங்கள். நாற்று முற்றியபின் இயந்திரத்துக்காகக் காத்திருப்பது பெரிய வேதனை.

தட்டுகளில் நிரப்பும் கலவைக்கு மண் ஏழு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு. காய்ந்த மண்ணைக் கட்டாயம் சலியுங்கள். ஒரு வருடம் அவசரத்தில் சலிக்காமல் போட்டோம். புளியங்கொட்டை அளவு செங்கல் துண்டு ஒன்று நடவு விரலில் சிக்கி அதை வளைத்துவிட்டது. அதைச் சரிசெய்ய அரை நாள் போனது. வரப்பில் அடுக்கியிருந்த பாய்கள் வெயிலில் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஏக்கருக்கு 90 தட்டுகளும் 12 கிலோ விதையும் எனக்குப் போதும். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, முளைகட்டுவதற்காக ஈரச் சாக்கில் மூடி மூட்டம் போடுங்கள். மே மாத வெக்கையில் ஒரு நாள் முழுவதும் பொறுக்க வேண்டியிருக்காது. வெள்ளை முளை 2 மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் எடுத்துவிடுங்கள். நீண்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தூவும்போது கட்டியாக விழும்.

சமமான மேடையில் தட்டுகளை இடைவெளியின்றி வைத்து, 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் கலவையை நிரப்பி நனைத்துவிடுங்கள். ஒரு ஏக்கருக்கான முளைவிதை முழுவதையும் எடைபோட்டு 90 ஆல் வகுத்து, ஒரு தட்டுக்குரிய அளவை டம்ளரில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் நாற்றங்காலில் விதை விட்ட என் மாமியார் முக்கால் பங்கை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுவார். ஓரங்களுக்குத் தனியாக ஒரு கை போடுவார். அதுதான் முக்கியம். பாயைச் சுமக்கும் நாற்றுத் தாங்கி பக்கவாட்டில் ஓடித் திரும்பும் இயந்திரம் இது. ஓரம் மெலிந்திருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் குத்து விடும். வரிசை நெடுக ஒரே சீரான இடைவெளியில் அந்த ஓட்டைகளைப் பார்க்கலாம்.

மேலே மெல்லிதாக மண் தூவி, பூவாளியால் நீர் தெளித்து, வைக்கோல் மூடுங்கள். மூன்றாம் நாள் மாலையில், வெயில் தணிந்தபின் வைக்கோலை நீக்குங்கள். பிறகு தினமும் இரண்டு மூன்று முறை தெளிப்பு. ஒன்பதாம் நாள் வாக்கில் வெளிறினால் பத்து லிட்டர் நீருக்கு 50 கிராம் யூரியா கரைத்துத் தெளிக்கலாம்.

12 முதல் 15 சென்டிமீட்டர் உயரம், மூன்று நான்கு இலை, அதுவே பருவம். முந்தின நாள் மாலையே நீரை வடித்துவிடுங்கள். மறுநாள் பாயின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிச் சுருட்டிப் பாருங்கள். பிய்யாமல் சுருண்டால் இயந்திரத்தில் ஏற்றலாம்.

சேறடித்த எங்கள் களிமண் வயலை இரண்டு நாள் தெளியவிட்டு, ஒரு விரற்கடை நீர் நிறுத்தித்தான் நடுகிறோம். இரண்டு தட்டு நாற்றை மட்டும் ஏற்றாமல் வரப்போரம் வைத்திருப்பேன், ஒரு வாரத்துக்குள் பாடுவாசி நிரப்ப, அதாவது விட்டுப்போன குத்துகளில் கையால் நட.