டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா: றேஸ் பைக் எடுக்குமுன்

முதலில் ஓடப்போகிற போட்டியின் விதித்தாளை வாங்கிப் பாருங்கள். மண்பாதை பைக் றேஸான மொட்டோகிரொஸில் பொதுவாக 125 சிசி டூ ஸ்ட்ரோக்கும் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஒரே பிரிவில் ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்க் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. சிசியில் இரட்டிப்பு விட்டிருப்பது அதனால்தான். இரண்டையும் பிரித்து ஓட்டுகிற போட்டி என்றால் பாதி யோசனை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது தரை. நிலாவெளிப் பக்கம் போல மணலில் பழகுகிறவருக்கு 125 டூ ஸ்ட்ரோக் நல்ல வாத்தியார், ஆனால் கண்டிப்பான வாத்தியார். ஆர்பிஎம், அதாவது என்ஜின் சுற்றும் வேகம், ஏறின பிறகுதான் பவர் வரும்; அது இறங்காமல் கிளச்சை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கியர் பிழைத்தால் பின்சில்லு புதையும். 250 ஃபோர் ஸ்ட்ரோக் கீழிருந்தே இழுக்கும், கியர் பிழைத்தாலும் சமாளிக்கலாம். ஆனால் ஏறத்தாழ 10 கிலோ பாரம் கூட.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் ஒயில் போவது பெற்றோலோடுதான். 32 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில், அதாவது 32:1 என்றால் 5 லீற்றருக்கு 156 மில்லிலீற்றர். அளவுக் குவளையில் ஊற்றுங்கள், கண்ணால் மதித்து ஊற்ற வேண்டாம். நீண்ட இறக்கத்தில் கியரில் வைத்து த்ரொட்டிலை முழுக்க மூடி இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஒயில் போகாது. பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிப்பதற்கு அது ஒரு வழி.

இன்னொரு வழி ஜெட், கார்பரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளைத் துண்டு. தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் றேஸ் பாதை 1,200 மீற்றருக்கு மேல், காற்று மெல்லியது. திருகோணமலையில் சரியாக ஓடின கார்பரேற்றர் அங்கே பெற்றோல் கூடி மந்தமாகும், பிளக் கறுத்து ஈரமாக வரும். மெயின் ஜெட்டை ஓரிரு எண் குறைத்தால் பைக் பறக்கும். ஆபத்து திரும்பி வந்த பிறகுதான். அதே சின்ன ஜெட்டோடு கடல்மட்டத்தில் முழு த்ரொட்டில் பிடித்தால் பெற்றோல் போதாமல் பிளக் வெளுக்கும், பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். கழற்றின ஜெட்டை டூல் பையில் போட்டு, ஊர் வந்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள். த்ரொட்டிலை விட்டும் ஆர்பிஎம் இறங்கத் தாமதித்தால் ஜெட்டை நோண்டுமுன் இன்டேக் றப்பரிலும் கிராங்க் சீலிலும் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்ஷன் உள்ள பைக்கில் இந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை, சென்சர் பார்த்துக்கொள்ளும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கின் செலவு வால்வில் இருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி ஃபில்டரைத் தாண்டினால் முதலில் தேய்வது இன்டேக் வால்வும் அதன் சீட்டும். வால்வு மேலே ஏறும், அதற்கும் அதைத் தள்ளும் கேமுக்கும் உள்ள இடைவெளி குறையும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பழைய பைக் வாங்கும்போது குளிர்ந்த என்ஜினின் கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு அந்த இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். வால்வு மேல் இருக்கும் ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றிச் சரிசெய்யலாம். சில மணித்தியாலத்திலேயே திரும்ப இறுகினால் வால்வு முடிந்துவிட்டது. அதோடு ஓடினால் வால்வுத் தலை உடைந்து பிஸ்டன் மேல் விழும். பிறகு ஹெட், பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் சேர்த்துத்தான் பில் வரும். ஒயில் ஏறத்தாழ ஒரு லீற்றர்தான் பிடிக்கும் என்பதால் 5 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கொம்ப்ரெஷன் கூடிய என்ஜின், 95 ஒக்டேன் அடியுங்கள்.

டூ ஸ்ட்ரோக் பிஸ்டனையும் ரிங்கையும் அடிக்கடி மாற்ற வேண்டும். றேஸ் ஓடும் 125க்கு 20 மணித்தியாலம் அளவில். ஆனால் கேம் செயின் இல்லை, வால்வு இல்லை. கைப்பழக்கம் இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடியும். நீங்களே கழற்றிப் பூட்டுவீர்கள் என்றால் எங்கள் ஓட்டு 125க்குத்தான். கராஜை நம்பித்தான் ஓட்டம் என்றால் 250 ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்கள், ஆனால் வாங்கின அன்றே, என்ஜின் ஓடின மணித்தியாலத்தைக் காட்டும் ஹவர் மீற்றர் பூட்டுங்கள்.

எதை எடுத்தாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எயார் ஃபில்டரைக் கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஒயில் தடவிப் பிழிந்து, விளிம்பில் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். பூட்டுமுன் இன்டேக் குழாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். நறநறவென்று மணல் பட்டால் கிக் அடிக்காதீர்கள்.