‘கேஷ்’ என்பது நம் ‘காசு’ தானா? ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பை ஆராயும் முறை

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘காசு’ என்பதன் திரிபே என்று உறுதியாகச் சொல்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் முறையாகத் தேடிப் பார்த்தால் இந்தக் கூற்றில் பாதி பிழை என்றும் பாதி மெய் என்றும் தெரியவருகிறது. அவ்வாறு தேடும் முறையை இந்த ஒரு சொல்லை வைத்தே படிப்படியாகக் காண்போம்.

நல்ல ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்தவுடன் பொருளைப் படிக்கத் தொடங்காமல், அந்த எழுத்துக்கூட்டலில் எத்தனை தலைச்சொற்கள் தனித்தனியாகத் தரப்பட்டுள்ளன என்பதை முதலில் எண்ண வேண்டும். எழுத்துக்கூட்டல் ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள சொற்களை அகராதிகள் ஒன்று, இரண்டு என்று சிறிய எண்ணிட்டுப் பிரித்துக் காட்டும். ‘கேஷ்’ என்பதற்கு இரண்டு தலைச்சொற்கள் இருக்கின்றன. முதலாவது ரொக்கப் பணம். இரண்டாவது தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறுமதிப்புள்ள நாணயம். வாதிடுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதற்குரிய சான்றை எடுத்து முதலாவதற்குச் சூட்டிவிடுகிறார்கள். இந்த மயக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. கம்பர் தம் காவியத் தொடக்கத்தில் ‘காசில் கொற்றத்து இராமன்’ என்று பாடும்போது இராமனைப் பணமில்லாதவன் என்று சொல்லவில்லை. அங்கே காசு என்பது குற்றம். அகராதியில் அதற்கும் தனி இடம் உண்டு.

அடுத்து, ஒவ்வொரு தலைச்சொல்லும் ஆங்கில எழுத்தில் முதன்முதலாக எப்போது தோன்றியது, அப்போது அதற்கு என்ன பொருள் இருந்தது என்று பார்க்க வேண்டும். இன்றைய பொருளை விட அன்றைய பொருளே பிறப்பைக் காட்டிக்கொடுக்கும். முதல் ‘கேஷ்’ 1590களில் காணப்படுகிறது. அப்போது அது பணத்தையும் குறித்தது, பணம் வைக்கும் பெட்டியையும் குறித்தது. இந்தப் பெட்டிப் பொருள்தான் நமக்கு வேண்டிய துப்பு. இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’ என்பதும் பிரெஞ்சில் ‘கேஸ்’ என்பதும் பணப்பெட்டியையே குறிக்கின்றன; இரண்டும் பெட்டி என்ற பொருளுடைய ‘காப்சா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. வணிகரின் பெட்டிக்கு இருந்த பெயர் அதனுள் இருந்த பணத்துக்கும் ஆகி, பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பெட்டி மறைந்து பணம் மட்டும் எஞ்சியது. ‘கல்லாவில் எவ்வளவு இருக்கிறது’ என்று நாம் கேட்பதும் ஏறக்குறைய இதே போக்குத்தான்.

கிடைத்த ஆண்டை வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பது மூன்றாவது வேலை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசு உரிமைப் பட்டயம் கிடைத்தது 1600 டிசம்பர் 31 அன்று. அவர்கள் மசூலிப்பட்டினத்தில் கால் ஊன்றியது 1611-இல். சென்னையில் இடம் பெற்றது 1639-இல். அந்தக் கம்பெனி தோன்றுவதற்கு முன்பே இலண்டனில் ஒரு சொல் பணப்பெட்டி என்ற பொருளில் வழங்கியிருக்குமானால், அது சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனது என்று கொள்வதற்கு இடம் இல்லை. ஆகவே முதல் ‘கேஷ்’ தமிழன்று.

இதை உறுதிசெய்ய அச்சொல்லின் உறவுகளையும் விசாரிக்கலாம். பெட்டியையும் உறையையும் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஸ்’ இதன் உடன்பிறப்பு. மருந்துக் கடையில் நாம் வாங்கும் ‘காப்ஸ்யூல்’ சொல்லளவில் ‘சின்னப் பெட்டி’ ஆகும். வங்கியில் அமர்ந்திருக்கும் ‘கேஷியர்’ பெட்டியைக் காப்பவர். ஆனால் ஒலியை மட்டும் நம்பி உறவு கொண்டாடக் கூடாது. படை அதிகாரியை அவமதிப்போடு பணிநீக்கம் செய்வதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல் டச்சு வழியாக வந்த வேறு சொல். அதற்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. முந்திரியைக் குறிக்கும் ‘கேஷ்யூ’ பிரேசில் நாட்டுத் தூப்பி மொழியில் பிறந்து போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தது.

இரண்டாவது ‘கேஷ்’ பக்கம் திரும்பும்போதுதான் தேடல் சுவையாகிறது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, சொல் எந்த வழியாகப் பயணம் செய்தது என்பது. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ–இந்தியச் சொற்களஞ்சியம் இதற்கு மிகவும் பயன்படும். இவர்களில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ‘காசு’ என்ற தமிழ் வடிவத்திலிருந்து போர்த்துக்கீசியர் ‘காய்ஷா’ என்று ஆக்கிக்கொள்ள, அதிலிருந்து ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எடுத்துக்கொண்டதாக அந்நூல் கூறுகிறது. 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துக்கீசியர் ஆங்கிலேயருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர்கள் என்பதால் கால வரிசையும் இதற்குப் பொருந்துகிறது. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: போர்த்துக்கீசிய மொழியில் ‘காய்ஷா’ என்றால் பெட்டி, அதே இலத்தீன் ‘காப்சா’வின் வழிவந்தது. அறியாத ஊரின் அறியாத நாணயப் பெயரைத் தங்களுக்குப் பழகிய சொல்லின் அச்சில் வார்த்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வெவ்வேறு வேர்களையுடைய இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே முகத்தோடு நிற்பதற்கு இது பெரிதும் காரணமாகலாம். பிறகு மலாய்த் தீவுகளின் சில்லறைக்கும், நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்புக் காசுக்கும் இப்பெயரையே வைத்தார்கள். எனவே சீன நாணயத்தை ‘கேஷ்’ என்று ஓர் ஆங்கில நூலில் படிக்கும்போது அது சீனச் சொல் என்று கருத வேண்டாம்.

சொல் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தேடலை நிறுத்திவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அதையும் தவிர்க்க வேண்டும். ‘காசு’ என்பதையே பொன், வெள்ளி நிறுக்கும் ஓர் எடையைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்ற வடசொல்லோடு இணைப்பவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. இதில் கட்சி சேர்வதற்கு முன், பழைய நூல்களில் அச்சொல் ஆளப்பட்ட இடங்களைத் திரட்டுவது நல்லது. குறுந்தொகையின் 67-ஆம் பாடலில் கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழம், புதுநூல் கோப்பவரின் கூரிய நகங்களுக்கிடையே உள்ள ‘பொலங்கல ஒருகாசு’ போல இருக்கிறது; அங்கே காசு அணியில் கோக்கும் பொன்மணி. திருவீழிமிழலையில் சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று கேட்கும்போது அது கடைவீதியில் வாசி, அதாவது வட்டம், பிடித்து மாற்றும் நாணயம். இத்தகைய இடங்களைக் காலமுறையில் அடுக்கிய பின்னரே வேரைப் பற்றிப் பேசுவது பொருந்தும்.

நாணயச் சொல்லாயின், நாணயத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். சென்னை மாகாணத்தில் 1818 வரை வழங்கிய முறைப்படி 80 காசு ‘பணம்’ என்ற நாணயம் ஒன்று, 42 பணம் ‘நட்சத்திர வராகன்’ என்ற பொன் நாணயம் ஒன்று; அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. இந்த முறைக்காகக் கம்பெனி இங்கிலாந்தில் செப்புக் காசுகளை அச்சிட்டு இங்கே அனுப்பியது. 1809 ஜனவரியில் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் அத்தகைய சரக்கோடு சென்னைக்குப் புறப்பட்டு, கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1808 என்ற ஆண்டு பொறித்த, பத்துக் காசு, இருபது காசு மதிப்புள்ள அந்த நாணயங்கள் பிற்காலத்தில் கடலடியிலிருந்து ஏராளமாக எடுக்கப்பட்டன. இருபது காசு நாணயம் ஒன்றின் பின்புறத்தைப் பாருங்கள். ‘இருபது காஸ் நான்கு ஃபுலூஸ்’ என்று பாரசீக எழுத்தில் இருக்கும்; ஃபுலூஸ் என்பது ஒரு செப்பு நாணயத்தின் பெயர். அதன் கீழே ரோமன் எழுத்தில் ‘கேஷ்’ என்றிருக்கும். அந்தக் ‘கேஷ்’ மட்டும் ஐயமின்றி நம் காசு.