டர்பனில் டியூன் செய்த வி8, மேட்டு டிராக்கில் ஓட

டர்பனின் சாட்ஸ்வர்த் கராஜில் சீறிக்கொண்டு கிளம்பும் 350 ஷெவி வி8 எஞ்சின், ஜோகன்னஸ்பர்க் மேட்டில் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் உள்ள டார்ல்டன் நேர்கோட்டுப் பந்தய (டிராக் ரேஸ்) டிராக்கில் இருமினால் எஞ்சினைத் திட்ட வேண்டாம். அங்கே உயரம் 1500 மீட்டருக்கு மேல். டர்பனில் 1013 மில்லிபாரை ஒட்டியிருக்கும் காற்றழுத்தம், அங்கே 840 பக்கம்தான். காற்று குறைந்த அளவுக்கு கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை, கலவை கொழுத்துப்போகிறது.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சினில் சுமார் 15 சதவீத சக்தி எப்படியும் போகும். கடலோரத்தில் கால் மைலை 12.0 நொடியில் ஓடிய கார் அங்கே 12.7 ஓடினால் அது நல்ல டியூன்.

முதல் வேலை ஜெட், அதாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத்திருகு. ஹோலி கார்புரேட்டரில் ஒவ்வொரு 2000 அடிக்கும் ஓர் எண் இறக்குவது பொதுக் கணக்கு. எப்போதும் வேலை செய்யும் பிரைமரியில் 72, அழுத்தி மிதித்தால் திறக்கும் செகண்டரியில் 80 இருந்தால் 70, 78 போட்டுத் தொடங்குங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பவுலின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறை) கீழ்த் திருகு ஒன்றை முதலில் தளர்த்தி, பெட்ரோலைக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் கழற்றுங்கள். கேஸ்கட் பெரும்பாலும் கிழியும். இரண்டு செட் கையில் இருக்கட்டும். திருகை மூச்சுப்பிடித்து முறுக்கினால் ஜெட் இருக்கும் மீட்டரிங் பிளாக் வளையும், பிறகு ஒழுகல் நிற்காது. திறந்த கையோடு, அழுத்தி மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வையும் பாருங்கள்: மேட்டில் ஐடில் வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம்) 5 அங்குலம் போல் இறங்குவதால், 6.5 அங்குலத்துக்குக் கீழே திறக்கும் 6.5 வால்வு ஐடிலிலேயே திறந்துகொள்ளலாம். அங்கே அளந்த வேக்குவத்தில் பாதி எண்ணுள்ள வால்வைப் போடுங்கள்.

அடுத்தது டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரம். கடலோரத்தில் மொத்தம் 34 டிகிரி என்றால், 36 வரை ஏற்றிப் பார்க்கலாம்.

ஜெட் சரியா என்பதை ஈ.டி.யை (ஓடி முடிக்க எடுத்த நேரம்) வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈ.டி.யில் பாதி டயர் பிடிப்பின் கதை. கோட்டைக் கடக்கும் வேகம்தான் சக்தியைச் சொல்லும். வேகம் ஏறிக்கொண்டே இருக்கும்வரை ஓரோர் எண்ணாக இறக்குங்கள், குறைந்ததும் ஓர் எண் திரும்பி வாருங்கள். கோட்டைத் தாண்டியதும் நியூட்ரலில் போட்டு, கில் சுவிட்சால் எஞ்சினை நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். 1969 கமாரோ போன்ற காரில் சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், அந்த விளையாட்டு வேண்டாம். பிளக்கில் கரி என்றால் பெட்ரோல் இன்னும் அதிகம். பீங்கான் வெளுத்து, வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

பலர் தவறவிடுவது டயர். டர்பனில் 14 பி.எஸ்.ஐ. வைத்த ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்), வெளிக்காற்று இறங்கியதால் மேலே 16-ஐத் தாண்டிக் காட்டும். டிராக்கில் மறுபடி அளந்து இறக்கிக்கொள்ளுங்கள். டார்க் குறைவதால் டயர் எளிதில் சுழலாது. ஆட்டோமேட்டிக் கியர் கன்வெர்ட்டரின் ஸ்டாலும் (பிரேக் பிடித்து மிதித்தால் எட்டும் ஆர்.பி.எம்.) இறங்கும். முடிந்தவரை கூடுதல் ஆர்.பி.எம்.மில் கிளம்பலாம்.

ஊர் திரும்பும்போதுதான் பிஸ்டன் உருகும். மேட்டு ஜெட், 36 டிகிரி, டாங்கில் மேட்டில் ஊற்றிய 93 ஆக்டேன்: இந்த மூன்றோடும் கடலோரக் காற்றில் முழு த்ராட்டில் கொடுத்தால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) நிச்சயம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் நசுக்கினாலும் தப்பாது. மலை இறங்கியதும் 93-ஐ வடித்து 95 ஊற்றி, பழைய ஜெட்டையும் டைமிங்கையும் திருப்பி வைத்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். கழற்றிய ஜெட்டுகளை எண் எழுதிய பொட்டலத்தில் காரிலேயே வையுங்கள்.